பொயிண்ட் குக்கில் உமாவைக் கூப்பிட்டது

மீன் ரோல்ஸ் பெட்டியை டிக்கியில் வைப்பதா, பின் இருக்கையில் வைப்பதா என்று பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டில் இரண்டு நாட்கள் ஆலோசனை நடந்தது. ஒக்டோபர் நீண்ட வார இறுதிக்கு முந்திய இரவு, பின் இருக்கையில் வைத்து சீற் பெல்ற் போடுவதென்று முடிவாயிற்று. அதன் பிறகே மெல்பேர்ணுக்குப் போவது உறுதியானது.

செவன் ஹில்ஸ் கிடங்கில் என்னோடு வேலை செய்த முவாங்கி இப்போது மெல்பேர்ணின் பொயிண்ட் குக்கில் இருக்கிறார். கென்யாவின் கிக்குயு இனத்தவர். எங்கள் ஆட்களோடு பழகி, என்னை 'அண்ணை' என்று மட்டும் சரியாகச் சொல்லக் கற்றவர். ஐம்பதுகளில் கிக்குயு மக்கள் பறிபோன நிலத்துக்காகப் பிரித்தானியருக்கு எதிராக ஆயுதம் எடுத்துக் காட்டுக்குள் போனபோது, அவருடைய தந்தை அவர்களுக்குச் சாப்பாடு சுமந்த சிறுவன். மௌ மௌ கிளர்ச்சி என்று உலகம் சொல்வது அதைத்தான். வெளியே சொல்வதில்லை என்று அன்று சத்தியம் செய்தவர், மகனிடமும் சொன்னதில்லை. மகனைப் பார்க்க வந்திருந்த அவர் செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் கதையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது முவாங்கியின் ஆசை.

"அண்ணை, நீங்கள் கேட்டுப் பாருங்கள்," என்றார் தொலைபேசியில். வெளியாளிடம் பேசாதவரிடம் வெளியாளை அனுப்பும் இந்த உத்தியை நான் உடனே ஏற்றுக்கொண்டேன்.

ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். பெட்ரோல் 148 டொலர். அல்பரியில் மனைவி உமா ஓட்ட மாறினார். அதுவரை நான் ஓட்டியதைப் பற்றி அல்பரியிலிருந்து பொயிண்ட் குக் வரை பேசினார்.

மறுநாள் மதியம் முதியவர் நான்கு மீன் ரோல்ஸ் சாப்பிட்டார். கிளர்ச்சி பற்றிக் கேட்டேன். உறைப்புக் காணாது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முவாங்கி வெறும் பதிவை அழித்தார். கைபேசி வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி பதிவுப் பொத்தானை அழுத்தினார். அப்போது எனக்குக் கார்ச் சாவி தேவைப்பட்டது.

"உமா! உமா!"

"ஏனப்பா கத்துறியள், குசினிக்கைதான் நிக்கிறன்."

அறைக்கதவு திறந்தது. கைத்தடி இல்லாமல் முதியவர் கூடத்தைக் கடந்து நேரே பின்முற்றத்துக்குப் போய், வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேர் வருகிறார்கள்?" என்றார் கிக்குயுவில்.

'உமா' என்றால் அவர்கள் மொழியில் 'வெளியே வா'. படையினர் வருவதைக் கண்டால் காவலிருந்த சிறுவர்கள் அதை 'மா-உ' எனப் பின்னிருந்து திருப்பி 'மௌ மௌ' என்று கத்துவார்களாம். பெயர் வந்த வழியென்று சொல்லப்படும் பலவற்றில் இதுவும் ஒன்று. எது சரியென்று யாருக்கும் தெரியாது.

உமா என்பது என் மனைவியின் பெயர் என்று முவாங்கி தந்தைக்கு விளக்கினார். முதியவர் உமாவை நிதானமாகப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு 'வெளியே வா' என்றா பெயர் வைத்தார்கள்? வீட்டில் இருக்கவே விடமாட்டார்களா?"

"ஓம், அங்கிள். இவரைக் கட்டின நாள்முதல் அதுதான் யோசனை," என்றார் உமா ஆங்கிலத்தில். முவாங்கி மொழிபெயர்த்தார்.

முதியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, முதல் தடவை அந்தக் குரல் கேட்டுத் தாயோடு எந்தப் பக்கம் ஓடினார் என்று தொடங்கினார். ரோல்ஸ் முடிந்தும் நிறுத்தவில்லை.

போகிறவர்களுக்கு: இருட்டுமுன் போய்ச் சேருங்கள், நெடுஞ்சாலையில் கங்காரு குறுக்கே பாயும். ரோல்ஸுக்கு உறைப்பைக் கூட்டுங்கள். கேள்விகளைத் தயார் செய்யத் தேவையில்லை.

பதிவின் பிரதிகள் இப்போது நைரோபியில் உள்ள ஏழு பேரப்பிள்ளைகளிடம் இருக்கின்றன. அது நான் கார்ச் சாவிக்காக உமாவைக் கூப்பிடுவதில் தொடங்குகிறது.