லீவுக்குப் போன தெய்வாத்தாள்

தெய்வாத்தாளுக்கு நாற்பத்தேழு வயது. திருப்பூர் முதலிபாளையத்தில் அவள் கணவன் தனபால் பன்னிரண்டு மெஷின் போட்டு ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறார். அதில் செக்கிங் முழுக்க தெய்வாத்தாள் பொறுப்பு. தைத்து வரும் டி-ஷர்ட்டை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, வெளிப்பக்கம் ஒரு தடவை, உள்பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கி வைத்துவிடுவாள். திருத்த முடிந்தது ஆல்ட்ரேசன், முடியாதது ரிஜெக்ட். கறையைப் பார்த்த மாத்திரத்தில் அது மெஷின் ஆயிலா, சாயமா, டெய்லர் தின்ற வடையா என்று சொல்லக்கூடியவள். வடை தின்ற டெய்லரின் பெயரையும் சேர்த்துச் சொல்வாள்.

இது பகல் வேலை. காலையும் இரவும் சமையல். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில், விசேஷ வீட்டுப் பந்தி தவிர, தான் ஆக்காத சோற்றை அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அதற்குக் காரணம் தனபாலின் வயிறு. முன்பொரு காலத்தில் காதர்பேட்டைக்குச் சரக்குக் கொண்டுபோனவர் வழியில் ஏதோ ஒரு கடையில் குருமா சாப்பிட்டு மூன்று நாள் படுத்த படுக்கையானார். அன்றிலிருந்து வெளிச்சாப்பாடு என்றாலே அந்தக் குருமாவின் கதையைத் தொடங்கிவிடுவார். பழனிக்குப் போனாலும் திருச்செந்தூருக்குப் போனாலும் தூக்குப்போசியில் புளிசோறு கூடவே வரும். அதைக் கட்டுவதற்கு தெய்வாத்தாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுவாள்.

போன தீபாவளிக்குக் கம்பெனி பத்து நாள் லீவு. வேலையாட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். கோயமுத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் அக்ஷரா, இந்தத் தடவை எங்காவது போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் கேட்டது மணாலி. தனபால் பல யோசனைக்குப் பிறகு ஒத்துக்கொண்டது அமராவதி நகர். அணைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்புக்குள் ஒரு ரிசார்ட் இருந்தது. அதிலும் அவர் சம்மதித்தது, காட்டேஜுக்குள் தனியாகச் சமையல்கட்டு உண்டு என்று தெரிந்த பிறகுதான்.

கிளம்புகிற அன்று, தனபால் அடுக்கி வைத்திருந்த காரின் டிக்கியை தெய்வாத்தாள் திறந்து பார்த்தாள். குக்கர், மிக்சி, அரிசி, பருப்பு, கடலை எண்ணெய், அரிவாள்மனை, இரண்டு தேங்காய். தேங்காய் போகிற இடம் தென்னந்தோப்பு.

"ஏனுங்க, அடுப்புத்திட்டை மட்டும் எதுக்குங்க விட்டுட்டீங்க" என்றாள்.

"அங்க இருக்குதாமா. போன் பண்ணிக் கேட்டுட்டேன்" என்றார் தனபால், கேலி என்று புரியாமல்.

உடுமலை தாண்டுவதற்குள் காரில் ஒரு ஒப்பந்தம் பேசி முடித்தாள் அக்ஷரா. காலைப் பலகாரம் ரூம் வாடகையிலேயே சேர்ந்தது, அதை யாரும் தடுக்கக் கூடாது. மற்றபடி ஒரு வேளை உள்ளே சமையல், ஒரு வேளை ரிசார்ட் ஓட்டலில். தனபால் உடனே குருமா கதைக்குப் போனார். கடைசியில், முதல் நாள் முழுக்க உள்ளேயே சமைப்பது, அந்த ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா பார்ப்பது, அப்புறம் யோசிப்பது என்று முடிவாயிற்று. தண்ணீர் அமராவதித் தண்ணீர். பாதி ஜில்லா அதைத்தான் குடிக்கிறது.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பெட்டியை இறக்கி வைத்ததும் தனபால், "நான் இப்பிடியே ஒரு வாக்கிங் போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினார். திருப்பூரில் அவர் முக்குக் கடைக்குப் போவதானாலும் வண்டியில்தான் போவார். தெய்வாத்தாள் அதைக் கவனித்தாள், ஆனால் மலைக்காற்று பிடித்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். அரிசியும் பருப்பும் போட்டு, சின்ன வெங்காயம் தாளித்து, சோறு ஆக்கினாள். மேலே ஊற்ற உருக்கின நெய். அது தனபாலுக்கு உயிர்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"என்னவோ பசியே இல்ல புள்ள."

தெய்வாத்தாளுக்கு முகம் விழுந்துவிட்டது. காய்ச்சலிலும் தட்டை வழித்துச் சாப்பிடுகிற மனிதர். உப்பு கூடிவிட்டதா, புது அடுப்பில் அடிப்பிடித்துவிட்டதா என்று தானே ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் இன்னும் உறுத்தியது.

அஞ்சு மணிக்கு அவர் மறுபடியும் வாக்கிங் போனார். அம்மா சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அக்ஷரா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரிசார்ட் ஓட்டலுக்குப் போனாள். "அப்பா வாரதுக்குள்ள வந்தர்லாம்மா" என்று இரண்டு நெய் ரோஸ்ட் சொன்னாள். தெய்வாத்தாள் வாசலையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பாதி ரோஸ்ட்டுக்கு மேல் வாசலை மறந்துவிட்டாள். முடிந்ததும், "இன்னொன்னு சொல்லு. ஆளுக்குப் பாதி" என்றாள். அந்த இன்னொன்றில் முக்கால் பங்கு அவளுடையதாக முடிந்தது.

இரவு சோற்றுக்கு மூன்று பேருமே பசியில்லை என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மதியம் ஆக்கின சோறு போசி நிறையக் கிடந்தது.

காலைப் பலகாரம் எத்தனை மணிக்கு என்று சொல்ல வந்தார் ரிசார்ட் சமையல்காரர் நல்லான். ஐம்பத்தைந்து வயது, பக்கத்து ஊர்க்காரர். "சாப்புட்டீங்ளாண்ணா" என்று தெய்வாத்தாள் கேட்டதற்கு, நாள் பூரா வடக்கத்திக் குழம்பு கிளறி நாக்கே செத்துவிட்டது என்றார். போசியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் முதலில் எழுந்தாள். நாற்காலியில் தனபால் கழற்றிப் போட்ட வெள்ளை டி-ஷர்ட் கிடந்தது. மடித்து வைக்கலாம் என்றுதான் எடுத்தாள். கைப்பழக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து வெளிப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். திருப்பி உள்பக்கம் பார்த்தாள். அடிமடிப்பில், விரலைத் துடைத்த மாதிரி நாலு சிவப்புக் கோடு. மெஷின் ஆயில் இல்லை, சாயமும் இல்லை. மோந்து பார்த்தாள். மிளகாய்த்தூள், பூண்டு, அதற்கு அடியில் மீன்.

சிறிது நேரத்தில் நல்லான் போசியைக் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்தார். "அம்மிணி, இப்பிடி அரிசிபருப்புச் சோறு தின்னு வருசமாச்சுங்க. நானும் என்ற ஊட்டுக்காரியும் வழிச்சுத் தின்னுபோட்டோம்" என்றார்.

அப்படியானால் கோளாறு சோற்றில் இல்லை.

"ஏனுங்ணா, இங்க பக்கத்துல எங்கயாச்சும் மீன் வறுத்து விக்கறாங்களா?"

"என்ற ஊட்டுக்காரியேதானுங்க. மூக்கம்மாள்னு பேரு. அணைக்குப் போற ரோட்டுல கடை போட்டிருக்கறா. நேத்து பாருங்க, உங்க திருப்பூர்க்காரர் ஒருத்தர் ரெண்டு தடவ வந்தாராமுங்க. கண்ணாடிய கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருந்தாராம். தடவைக்கு நாலு துண்டு ஜிலேபி மீனு. வெளிச்சாப்பாடு ஒடம்புக்கு ஆகாதுங்க, இது சும்மா வாய்க்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னாராமுங்க."

நல்லான் சிரித்தார். தெய்வாத்தாளும் கூடச் சிரித்தாள். கட்டிலில் தனபால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், கண்ணாடி பக்கத்து மேஜையில் கயிறோடு கிடந்தது. அதைப் பார்த்த நல்லான் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்ட அக்ஷரா அப்போதே அப்பாவை எழுப்பப் போனாள். தெய்வாத்தாள் தடுத்தாள்.

"இரு கண்ணு. நீ ஒண்ணும் பேசாத. இன்னைக்கும் நான் உள்ளயே சமைக்கறேன்."

"உள்ளயேவா? எதுக்குமா?"

"உங்கொப்பன் சாப்புட வேண்டாமா?"

அன்று காலை அவளே வலியப்போய்ச் சொன்னாள். "ஏனுங்க, நீங்க சொன்னதுதாஞ் சரி. ஓட்டலெல்லாம் வேண்டாமுங்க. நாட்டுக்கோழி சொல்லியிருக்கறேன்." தனபாலுக்குத் திருப்தி. அந்தத் திருப்தியோடு பதினொரு மணிக்கு வாக்கிங் போனார். ஒரு மணிக்கு வந்தபோது நெற்றி வேர்த்து, உதடு லேசாகச் சிவந்திருந்தது.

தலைவாழை இலை போட்டிருந்தாள். மிளகு அரைத்துப் போட்ட கோழிக்குழம்பு, வறுவல், பாசிப்பருப்பு, ரசம், தயிர். அவர் "பசி..." என்று ஆரம்பிப்பதற்குள் சோற்றை மலைபோல் கொட்டினாள்.

"நேத்தே நீங்க ஒண்ணும் சாப்புடலீங்க. எனக்கு ராத்திரி தூக்கமே புடிக்கல. இன்னைக்கும் சாப்புடலைன்னா டாக்டரத்தான் பாக்கோணும்."

டாக்டர் என்றதும் தனபால் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். குழம்புக்கு ஒரு தடவை, பருப்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை சோறு விழுந்தது. இலையை மடிக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தி ஒரு கால் துண்டு வைத்தாள். தயிருக்கு வரும்போது அவர் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சை மெதுவாக விட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த அக்ஷரா தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு தெய்வாத்தாள் அவரை எழுப்பினாள். "எந்திரிங்க. இன்னைக்கு நானும் வாக்கிங் வாரேன்."

"இன்னைக்கு வேண்டாம் புள்ள. வயிறு கல்லாட்டம் இருக்குது."

"அதுக்குத்தானுங்க நடக்கோணும்." நேற்றைய வெள்ளை டி-ஷர்ட்டை எடுத்து நீட்டினாள். "இதையே போட்டுக்குங்க. ரோட்டுலதானே நடக்கப் போறம்."

அவர் போட்டுக்கொண்டார். அக்ஷராவும் கூடக் கிளம்பினாள். முதுகுப்பக்கம், அடிமடிப்புக்கு மேலே, வரிசையாக நாலு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். தெய்வாத்தாளின் கைப்பையில் அதில் ஒரு தாள் எப்போதும் கிடக்கும். தோட்டத்தில் விளையாடிய குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. தனபால், தன்னைத் தொழிலதிபர் என்று அடையாளம் தெரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது என்று எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டே நடந்தார்.

அணை ரோட்டில் மீன் வாசனை வந்த இடத்தில் அவர் நடை வேகமானது. முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, "அங்க பாரு, மலை எவ்வளவு பச்சையா இருக்குது" என்றார்.

"வாங்கண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மூக்கம்மாள் தேனிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பேச்சு மாறவில்லை. "இன்னைக்குக் காலையிலயும் வந்தீகளே, மறுபடி நாலு துண்டு போடவா? ஆமா, சட்டையில பின்னாடி என்னண்ணே ஒட்டிருக்கு?"

தனபால் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவி, ஒரு ஸ்டிக்கரை உரித்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். வருடத்துக்குப் பல்லாயிரம் வாங்குகிற ஸ்டிக்கர். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அப்புறம் மடிப்பைத் திருப்பி அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார்.

"இது ரிஜெக்ட்டா, ஆல்ட்ரேசனா?" என்று கேட்டார்.

"ஆல்ட்ரேசன் பண்ணிப் பாக்கலாமுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

அக்ஷராவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் வாய் தவறிவிட்டது. "அப்பா மீனு, அம்மா நெய் ரோஸ்ட்டு. நல்ல குடும்பம்."

"என்ன ரோஸ்ட்டு?" என்றார் தனபால்.

தெய்வாத்தாள் மலையைப் பார்த்தாள். உண்மையிலேயே பச்சையாக இருந்தது.

"எத்தனை?"

"ஒண்ணே முக்கா" என்றாள் அக்ஷரா.

தனபால் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு வந்ததும் வயிறு வலித்தது, வலித்ததும் இன்னும் சிரிப்பு வந்தது. தெய்வாத்தாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கு நாலு துண்டு சொன்னாள். மூக்கம்மாள் கல்லிலிருந்து சுடச்சுட எடுத்து, வெங்காயம் தூவி, கையில் கொண்டுவந்து கொடுத்தாள். தான் உட்கார்ந்திருக்க இன்னொருத்தி நின்று பரிமாறுவது தெய்வாத்தாளுக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போய் ஏதாவது எடுத்துக் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. இரண்டாவது துண்டில் அந்த எண்ணம் போய்விட்டது. "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்று சொல்லிவிட்டு மேலும் இரண்டு துண்டு வாங்கினாள். தனபாலுக்கு ஒரு துண்டும் இறங்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

இருட்டுவதற்குள் புது ஒப்பந்தம் பேசினார்கள். மூன்றாம் நாள் மதியம் உள்ளே சமையல் உண்டு, ஆனால் சமைப்பது தனபால். ஆல்ட்ரேசன் என்றால் வேலை செய்துதானே ஆக வேண்டும் என்றாள் தெய்வாத்தாள். கொண்டுவந்த அரிசி வீணாகக் கூடாது என்று அக்ஷராவும் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் அம்மாவும் மகளும் அணைப் பூங்காவில் புல்லில் படுத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் எட்டு போன். கடுகு எப்போது போடுவது, போட்ட கடுகு ஏன் கண்ணில் தெறிக்கிறது, குக்கர் எத்தனை விசில், எண்ணாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது. எட்டாவது போனில், "தெய்வா, தக்காளி சோறு களியாட்டம் இருந்தா அது தக்காளி சோறுதானே?" என்றார். அவர்கள் போனபோது இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். நல்லானையும் கூப்பிட்டிருந்தார். நல்லான் ஒரு வாய் வைத்து நெடுநேரம் மென்றுவிட்டு, "வாசம் நல்லா இருக்குதுங்க" என்றார். தனபால் தானே நாலு வாய் சாப்பிட்டார். அப்புறம் எழுந்து கார் சாவியை எடுத்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நல்லான் உட்பட எல்லாரும் காரில் ஏறிக்கொண்டார்கள். மூக்கம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டு எண்ணெயை ஊற்றினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. வாரம் ஒரு கடையாகப் போகிறார்கள். எந்தக் கடை என்பதை தெய்வாத்தாள் முடிவு செய்கிறாள், சனிக்கிழமையே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறாள். போன வாரம் தனபால் கார் ஓட்டிக்கொண்டே குருமா கதையை எடுத்தார். அவள் பாதியில் நிறுத்தி, "அந்தக் கடை இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றார். வண்டியை அங்கேயே விடச் சொன்னாள்.