கிழக்கு மூலையின் சத்தம்

தங்கச் சுரங்கத்துக்குள் வெடி வெடித்துப் புகை அடங்கியதும் முதலில் உள்ளே போகிறவன் காத்தவராயன். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். இரும்புக் கம்பியால் தலைக்கு மேலிருக்கும் பாறையை அங்கங்கே தட்டுவான். கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் எந்த நேரமும் கீழே வரும். நெம்பித் தள்ளிவிட வேண்டியதுதான். எல்லாம் தட்டி முடித்து, 'வாங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். அவன் கூப்பிட்ட இடத்தில் இதுவரை ஒருவன் தலையிலும் கல் விழுந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. காத்தவராயன் காது தப்பாது என்று கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பில் யாராவது பேசினால், கேட்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்பான்.

மகள் வெங்கடம்மாவுக்குத் தலைப்பிரசவம். அவளைக் கட்டிய கோவிந்தனும் இவன் கூட்டத்தில்தான் கல் அள்ளுகிறான். பிள்ளை பெற வருகிறவளை இருக்கிற ஒற்றை அறையில் எங்கே படுக்க வைப்பது? கிழக்குப் பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டிவிடலாம் என்று முடிவானது. மண்சுவர்தான் என்றாலும், இந்த ஊர் மண்ணை நம்பிக் கடைக்கால் போட முடியாது. தங்கம் தேடி வந்தவர்கள் கண்ட இடத்தில் குழி வெட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றதும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். எந்தக் குழி எங்கே என்று யாருக்கும் தெரியாது. போன மழையில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒன்று முழங்கால் ஆழம் உள்ளே இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காத்தவராயன் கம்பியோடு இறங்கினான். கிழக்குப் பக்கம் முழுக்க ஓங்கித் தட்டிப் பார்த்து, எல்லா இடமும் கெட்டி என்றான். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி பார்வதம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மூலையில பொத்துனு கேக்குதே," என்றாள்.

தன்னிடமே சத்தத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சண்டைக்கு நிற்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பாதியைச் சுவரோரம் ஊற்றினாள், தேங்கி நின்றது. மீதியை மூலையில் ஊற்றினாள். குமிழி விட்டுக்கொண்டு மறைந்தது. காத்தவராயன் அங்கே வெட்டிப் பார்த்தான். மேலே ஒரு சாண் இறுகிய மண், அதற்குக் கீழே உதிரி மண்ணும் உடைந்த கல்லும். மூடிய குழியேதான்.

அவன் சிரிப்பு நின்றது. கம்பியை அவள் கையில் கொடுத்து, திரும்பி நின்றுகொண்டு, தட்டச் சொன்னான். அவள் சுவரோரம் தட்டினாள், மூலையில் வெட்டாமல் விட்ட இடத்தில் தட்டினாள், மறுபடி மாற்றித் தட்டினாள். அவனுக்கு எல்லாம் ஒரே சத்தமாக இருந்தது. வெடியும் சம்மட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றிருக்கின்றன. மனிதர் பேச்சு கேட்கிறது, கல்லும் மண்ணும் பேசுவதுதான் கேட்கவில்லை.

"எத்தினி நாளா இப்பிடிக் கீது?" என்று பார்வதம்மா கேட்டாள்.

"தெரியலையே."

"நாளைக்கி மருமவன் உங்க பேச்ச நம்பித்தானே உள்ள வருவாரு."

கம்பியை விட்டால் சுரங்கத்துக்கு வெளியே, குறைந்த கூலிக்குக் கல் பொறுக்கும் வேலைதான் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜ் இறங்குவதற்கு முன், எல்லோர் எதிரிலும் மேஸ்திரியிடம் சொன்னான்:

"எனக்குக் காது போயிட்ச்சி. வேற ஆள வுட்டுத் தட்டிப் பாருங்க. சனிக்கிழம நான் பாத்த எடத்தயும் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குத்தான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் கோவிந்தன் நேராக மாமனார் வீட்டுக்கு வந்தான். சனிக்கிழமை தான் நின்று கல் அள்ளிய இடத்துக்கு மேலே வேறு ஆள் தட்டி நெம்பியதும், ஒரு மாட்டளவு பாறை இறங்கியதாம். அதைச் சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தான்.

அறைக்கு மேற்குப் பக்கம் பார்க்கலாம் என்றான் காத்தவராயன். கம்பியை மனைவியிடம் நீட்டினான். பார்வதம்மா ஓரம் ஓரமாக, அவசரமில்லாமல் தட்டிக்கொண்டே போனாள். தண்ணீரும் ஊற்றிப் பார்த்தாள். ஆண்கள் இருவரும் தள்ளிக் காத்து நின்றார்கள். கடைசி மூலையையும் தட்டிக் கேட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"வாங்க," என்றாள்.