பர்னபாஸை நெரித்த மாத்திரை

கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போகும் தோணியில் பர்னபாஸ் சமையல்காரன். தோணியை நடத்தும் தண்டல் சுந்தரராஜ், பர்னபாஸின் மனைவி ஹில்டாவின் அண்ணன்.

1977இல் தலைசுற்றல் என்று போன பர்னபாஸுக்கு டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு நாளும் விடக்கூடாது என்றார். அவனும் விடவில்லை. சில வாரங்களில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. அடுப்பின் முன் குனிந்தால் போதும், கண்ணில் நீர் முட்டும்வரை இருமினான்.

காசம் என்று தோணியில் முணுமுணுத்தார்கள். நடுக்கடலில் அவன் வைத்த மீன்குழம்பை யாரும் தொடவில்லை. அவலை நனைத்துத் தின்றார்கள். இருபது வருஷமாக அவன் கையால் சாப்பிட்டவர்கள். குழம்பைக் கடலில் கொட்டிவிட்டுப் பர்னபாஸ் சட்டியைக் கழுவி வைத்தான்.

கரை சேர்ந்ததும் எக்ஸ்ரே எடுத்தான். காசம் இல்லை. அதைக் கொண்டுபோய்க் காட்டியும் சுந்தரராஜ் மனம் மாறவில்லை. வேறு ஆள் பார்த்தாயிற்று என்றான்.

மாத்திரையால் இருமல் வருமா என்று பர்னபாஸ் டாக்டரிடம் கேட்டான். பீடியை விடச் சொன்னார் அவர். பர்னபாஸ் பீடியைத் தொட்டதே இல்லை. அதைச் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீடுவரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தான்.

ராத்திரியில் அவன் நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்ட ஹில்டா, வேறொரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த லேடி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் மூச்சு இழுப்பு இருந்ததா என்று கேட்டார்.

"இருந்துச்சும்மா. பெரிய ஆளானப்புறம் வரல."

"மொத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலியே."

இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, வேறு மாத்திரை கொடுத்தார். அந்த மாதத்துக்குள் இருமல் போன இடம் தெரியவில்லை. கோபம்தான் போகவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு சுந்தரராஜ் வீட்டுக்கு வந்தான். புது ஆள் சமையல் வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தான்.

"அடுத்த நடைக்கு வந்துரு மாப்பிள."

பர்னபாஸ் சிரிக்கவில்லை.

"எக்ஸ்ரேயக் கொண்டாந்து காட்டுனேனே மச்சான். அப்பவும் நம்பலியே நீ."

"பயலுவ பயந்தானுவ. நான் என்ன செய்ய?"

"நீ ஒரு வாய் சாப்பிட்டிருந்தா அவனுவளும் சாப்பிட்டிருப்பானுவ."

சுந்தரராஜ் தங்கையைப் பார்த்தான். ஹில்டா எழுந்து புருஷன் பக்கத்தில் போய் நின்றாள்.

பர்னபாஸ் வேறொரு தோணியில் ஏறினான். கொழும்பில் ஒருநாள் இரண்டு தோணியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சுந்தரராஜ் கையை உயர்த்திக் கூப்பிட்டான். பர்னபாஸ் காதில் விழாதவன்போல் அரிசியைக் களைந்துகொண்டிருந்தான்.