பத்லி போட்ட தமிழ் வகுப்பு

சிலுவையம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இராயபுரத்தில் சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சமா? மாதா கோயில் வாசலில் நின்று அவள் பேசினால் காசிமேட்டில் வலை உலர்த்துகிறவன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் வடசென்னையில் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கிளை என்று ஒன்று முளைத்தே இருக்காது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால், நாங்களாக மனமுவந்து திறந்தோமாக்கும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அவள் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். தமிழ் என்றால் உயிர். அப்பா கடலோடு போனார், அவளுடைய படிப்பும் அத்தோடு நின்றது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜேக்கப்புக்கு வாழ்க்கைப்பட்டாள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலையில் பெட்டி அடுக்கப் போனாள். போன இடத்தில் சும்மா இருந்தாளா? சில வருஷத்தில் அடுக்குகிற பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி ஆகிவிட்டாள். மேஸ்திரி ஆனாலும் மருந்து நெடி நெடிதான். மழைக்காலம் வந்தால் இருமி இருமி விலா எலும்பு வலிக்கும்.

நாற்பத்தெட்டாம் வருஷம், பழைய பள்ளிக்கூடத்துக்கு எதற்கோ போனவளிடம் தலைமைக் கன்னியரான மதர் ஒரு வார்த்தை சொன்னார். அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கும் தமிழம்மா ஐம்பத்திரண்டில் ஓய்வு பெறுகிறார். "வித்துவான் பட்டம் வாங்கிக்கொண்டு வா சிலுவை. அந்த இடம் உனக்குத்தான்." அவ்வளவுதான். அன்று முதல் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மருந்து நெடியை விட்டு வெளியே வர ஒரு வாசல் தெரிந்துவிட்டது. அந்த வாசலுக்குப் பின்னால் நாளெல்லாம் தமிழ்.

ஆனால் பட்ட வகுப்பு நடந்தது பட்டணத்து நடுவில், பட்டப்பகலில். பகலில் இவள் ஆலையில் இருந்தாக வேண்டும்.

"நாம அங்க போவ முடியாட்டி, அது இங்க வரட்டுமே" என்றாள் ஜேக்கப்பிடம்.

ஜேக்கப் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். "இன்னாம்மே, பல்கலைக்கழகம் இன்னா ஐஸ் வண்டியா? கை தட்னா நிக்கிறதுக்கு?"

"தட்டித்தான் பாப்போமே."

தட்டினாள். ஆலைப் பெண்கள் ஐந்தாறு பேர், துறைமுகத்து ராமதாஸ், ரயில்வே ஒர்க் ஷாப் ஸ்டானிஸ்லாஸ் என்று ஒரு படையைத் திரட்டிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத்து வராந்தாவில் குந்தினாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட சேவகனிடம், "இங்க யாரு பெரியவரோ அவர" என்றாள். பெரியவர்கள் அவர்களை இன்று போய் நாளை வா என்று விரட்டிப் பார்த்தார்கள். கடற்கரைக்காரர்களிடம் அது பலிக்குமா? வலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது அவர்களுக்குப் பிறவிப் பழக்கம். கடைசியில் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. இடமும் விளக்கும் உங்கள் பொறுப்பு, ஆசிரியர் எங்கள் பொறுப்பு. மூன்றாம் வருஷம் பார்வையாளர் ஒருவர் வருவார். அன்று பாடம் கேட்க முப்பது பேர் இல்லையென்றால் கிளையை மூடிவிடுவோம்.

மதர் ஒரு வகுப்பறையைக் கொடுத்தார். திருவல்லிக்கேணியிலிருந்து வேம்பு என்கிற இளம் வித்துவான் டிராம் ஏறி வந்தார். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு அவர் எதிரில் இருந்தது நாலு பேர். மற்றவர்களுக்கு ஆலைச் சங்கே ஊதியிருக்கவில்லை.

சிலுவையம்மாள் மறுநாளே நேரத்தை ராத்திரி ஏழாக மாற்றினாள். ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்காக ஒவ்வொரு பாடத்தையும் வாரத்தில் இரண்டு முறை நடத்தச் சொன்னாள். வேம்பு முகம் சுளித்தார். "ஒரே பாட்டை ரெண்டு தடவையா?"

"ஒரே அடுப்புல ரெண்டு வேள சோறு வடிக்கலியா வாத்தியாரே?"

அதன்பிறகு வகுப்பு வளர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! டோல்கேட்டிலிருந்து வந்தார்கள், மாத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார்கள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சியில் முழங்கால் இடிக்க மூட்டை தூக்கும் ஆட்கள் உட்கார்ந்து யாப்பு படித்தார்கள். ஆரம்பத்தில் 'இன்னா' என்று கேட்டாலே காதைப் பொத்திக்கொண்ட வேம்பு, ஒரு நாள் தம் வீட்டில் "சாம்பார்ல உப்பு கம்மியா கீது" என்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதை அவரே வகுப்பில் சொன்னபோது கூரை பறந்துபோகிற மாதிரி சிரித்தார்கள்.

மூன்றாம் வருஷம் வகுப்பில் முப்பத்தைந்து பேர் ஆகிவிட்டார்கள். சிலுவையம்மாளுக்கு வரும் சித்திரையில் கடைசிப் பரீட்சை. அதை எழுதித் தேறினால் தமிழம்மாவின் நாற்காலி. எல்லாம் கூடி வந்த நேரம் பார்த்து, பார்வையாளர் வருகிற வியாழக்கிழமையன்றே துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. ஊரில் அரிசிக்குப் பஞ்சம். கப்பலைக் காக்க வைக்க முடியாது. கிரேன்காரன், மூட்டைக்காரன், ரயில்வேக்காரன் என்று ஒருவர் விடாமல் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் காலி.

வேறு யாராயிருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலுவையம்மாள் மேஸ்திரி ஆயிற்றே! ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாதா? ஆலையில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் தங்கையோ பக்கத்து வீட்டுக்காரியோ வந்து அந்த இடத்தில் உட்காருவாள். அதற்குப் பத்லி என்று பெயர். இன்னாருக்கு இன்னார் பத்லி என்று மேஸ்திரி எல்லார் எதிரிலும் பெயரைச் சொல்லுவாள். ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. ஆலையில், மில்லில், துறைமுகத்தில் எங்கேயும் அதுதான் வழக்கம். வேலை நிற்கக் கூடாது, இடம் பறிபோகக் கூடாது.

ஆகவே அவள் வீடு வீடாகப் போய்ப் பத்லி போட்டாள். ராமதாசுக்கு மீன்காரி அங்கம்மா, ஸ்டானிஸ்லாசுக்கு அவன் மைத்துனன் மாசானம். இப்படி வராத ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள். எல்லோரும் தலை வாரி, திருநீறு பூசினவன் பூசி, ஜெபமாலை போட்டவள் போட்டு, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல வந்து உட்கார்ந்தார்கள். அறை நிறைந்துவிட்டது. இவர்களெல்லாம் புதிதாகச் சேர வந்தவர்கள் என்று நினைத்து வேம்பு உற்சாகமாகப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். பழைய நெய்தல் பாட்டு. கடலுக்குப் போனவன் வரவில்லை. அவனை எதிர்பார்த்துக் கரையில் ஒருத்தி நிற்கிறாள்.

பாட்டின் பாதியில் பார்வையாளர் ரகுபதி உள்ளே வந்தார். கறார்ப் பேர்வழி. நிறைந்த அறையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "பெயர் கூப்பிடுங்கள்" என்றார்.

"இராமதாஸ்?" என்றார் வேம்பு.

அங்கம்மா கூடையை நகர்த்திவிட்டு எழுந்தாள். "ராமதாசுக்குப் பத்லி அங்கம்மா. உள்ளேன் ஐயா!"

வேம்பு தட்டுத் தடுமாறி அடுத்த பெயரைச் சொன்னார். "ஸ்டானிஸ்லாஸ்?"

"மாமா கப்பல் வேலைல கீறாரு. பத்லி மாசானம். உள்ளேன் ஐயா!"

ரகுபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பத்லி என்றால் என்ன என்று கேட்டார். சிலுவையம்மாள் எழுந்து, பெருமையாகவே, ஆலை வழக்கத்தை விளக்கினாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மெதுவாக, "அம்மா, இவர் பாடம் கேட்டால் இராமதாசுக்குத் தமிழ் வந்துவிடுமா?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. யார் அடுக்கினாலும் தீப்பெட்டி நிறையும். படிப்பு அப்படியா? மூன்று வருஷம் படித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? முகமெல்லாம் பற்றி எரிந்தது. தன் பட்டம், தமிழம்மாவின் இடம், இத்தனை பேருடைய வகுப்பு எல்லாவற்றையும் தன் கையாலேயே போட்டு உடைத்துவிட்டோம் என்று புரிந்தது.

"படிக்காதவர்கள் எழுந்து வெளியே போகலாம்" என்றார் ரகுபதி.

ஒருவரும் அசையவில்லை.

"இரு நைனா" என்றாள் அங்கம்மா. "அந்தப் பொண்ணு கரையில நின்னுகினு கீது. அவ வூட்டுக்காரன் வந்தானா இல்லியா? அத சொல்லாத எப்படி எய்ந்து போறது?"

அங்கம்மாவின் புருஷன் எண்ணூருக்கு நேரே கட்டுமரத்தோடு போனவன். ஊருக்கே தெரிந்த விஷயம் அது. ரகுபதிக்கு அது தெரியாது. தெரியாவிட்டாலும் மனிதர்தானே, ஏதோ உறைத்திருக்கிறது. "முடியுங்கள்" என்று வேம்புவிடம் கைகாட்டினார்.

வேம்பு பாட்டை முடித்தார். அவன் வந்தானா இல்லையா என்று பாட்டு சொல்லவில்லை.

"சொல்லலியா?" அங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேஜாரான பாட்டுப்பா இது! நாளிக்கு வரேன். வேற பாட்டுலனாச்சும் அவன் வரானா பாக்கறேன்."

"நானும் வரேன்" என்றான் மாசானம். பின்னாலிருந்து இன்னும் பல குரல்கள் எழுந்தன.

சிலுவையம்மாள் முன்னால் வந்து கைகூப்பினாள். "ஐயா, தப்பு என்னுது. இவங்கள்லாம் நான் கூப்ட்டு வந்தவங்க. என்ன இன்னா வேணாலும் பண்ணுங்க. கிளைய மட்டும் மூடிப்புடாதீங்க."

ரகுபதி அவள் சொன்னபடியேதான் செய்தார். எழுத்தறியாதவர்களுக்கு நுழைவு வகுப்பு ஒன்றைத் திறக்கலாம், இரண்டு வகுப்புக்கும் சேர்த்து முப்பது பேர் தாராளமாகத் தேறுவதால் கிளை நிலைக்கலாம் என்று மேலிடத்தில் சொன்னார். ஆள்மாறாட்டம் செய்வித்த மாணவியை ஓராண்டு பரீட்சை எழுத விடக் கூடாது என்றும் சொன்னார். இரண்டும் நடந்தன.

ஓராண்டுதானே என்பீர்கள். தமிழம்மா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். மதர் கண் கலங்கினார், ஆனால் நாற்காலியைக் காலியாக வைத்திருக்க அவரால் முடியுமா? வேப்பேரியிலிருந்து ஆலிஸ் என்று ஒரு பட்டதாரிப் பெண் வந்து அதில் உட்கார்ந்தாள். சிலுவையம்மாள் அன்று வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிட்டாள். ஜேக்கப் அருகில் உட்கார்ந்து, "வுடும்மே. ஒரு மீன் போனா கடலே பூடுமா?" என்றான்.

"எனக்கு அந்த மீன்தாயா வேணும்" என்று அழுதாள்.

மறுநாள் முகம் கழுவிக்கொண்டு நேரே நுழைவு வகுப்புக்குப் போனாள். வேம்புவுக்கு இரண்டு வகுப்பு நடத்த நேரமில்லை. பரீட்சை இல்லாத இவளுக்கு நேரம் நிறைய இருந்தது. சம்பளம் கிடையாது, மேசை கிடையாது. பெஞ்சியில் அவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் அ, ஆ சொல்லிக் கொடுத்தாள். எல்லோருக்கும் அவள் சிலுவெக்காதான். அடுத்த வருஷம் தானும் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினாள். அப்புறமும் ஆலை வேலையை விடவில்லை, நுழைவு வகுப்பையும் விடவில்லை. டிராம் நின்றுபோய் வேம்பு பஸ்ஸில் வரத் தொடங்கிய காலத்தில், கிளை மூன்று அறைகளாக வளர்ந்திருந்தது. சடையங்குப்பத்திலிருந்துகூட, வெள்ளம் வடிந்த மறுநாளே, சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தார்கள்.

ஐம்பத்தைந்தில் கிளைக்கு நிரந்தர ஆசிரியர் ஒருவரை நியமிக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. சிலுவையம்மாளும் நேர்காணலுக்குப் போனாள். நடுவில் உட்கார்ந்திருந்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் ரகுபதியேதான்.

இலக்கணம் கேட்டார்கள், இலக்கியம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் செந்தமிழில் பதில் சொன்னாள். கடைசியில் ரகுபதி, "ஒருமுறை எங்களை ஏமாற்றப் பார்த்தவர் நீங்கள். உங்களிடம் ஒரு கிளையை எப்படி ஒப்படைப்பது?" என்றார்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. செந்தமிழ் போன இடம் தெரியவில்லை. "ஐயா, ஒரு தப்புக்கு ஒரு தபாதான் சம்பளம் புடிப்பாங்க. எங்க தீப்பெட்டி கம்பெனிலகூட அதான் வயக்கம். எனக்கு ஒரு வருசத்த புடிச்சிட்டீங்க. அதோட பள்ளிக்கூட வேலையும் பூட்ச்சு. நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டனா? அன்னிக்கு பத்லியா வந்த அங்கம்மா இன்னிக்கு பட்ட வகுப்புல குந்திகினு கீது. அதுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தது நானு. இதுக்கு மேலயும் புடிக்கணும்னா புடிச்சிக்கங்க. வகுப்புக்கு நேரமாவுது, நான் கெளம்பறேன்."

பக்கத்திலிருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ரகுபதி எதிரிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். பிறகு, "நாளைக்கே வேலையில் சேர முடியுமா?" என்று கேட்டார்.

"நாளிக்கு எப்படிங்க முடியும்? ஆலைல வேற மேஸ்திரி பாக்க டைம் குடுக்கணுமே" என்றாள்.

அன்று வகுப்புக்கு அவள் தாமதமாகத்தான் போனாள். மாதா கோயிலில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நேர்காணல் என்னாயிற்று என்று கேட்கப் பட்ட வகுப்பிலிருந்து அங்கம்மாவும் மாசானமும்கூட அங்கே வந்து காத்திருந்தார்கள். கண்ணெல்லாம் சிவந்திருப்பதைப் பார்த்து வகுப்பே பயந்துவிட்டது. "இன்னாக்கா ஆச்சு?" என்று மாசானம் கேட்டான்.

"வேலை கெட்சிட்ச்சு" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் பெஞ்சியில் உட்காரப் போனாள்.

"அங்க குந்தாத" என்றாள் அங்கம்மா. "மேசாண்ட போ. எய்ந்திருங்கப்பா எல்லாம். டீச்சர் வந்துகீது." சொல்லிவிட்டு அவள்தான் முதலில் எழுந்து நின்றாள்.