நூற்றெட்டு எலுமிச்சை விளக்கு

மகனுக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பேக்டரி ஒன்றில் வேலை கிடைத்தால், மாசி மகத்தன்று கடலில் நூற்றெட்டு எலுமிச்சை விளக்கு விடுவதாக நேர்ந்திருந்தேன். கிடைத்துவிட்டது! பழத்தை நறுக்கி, சாற்றைக் கடலிலேயே பிழிந்துவிட்டு, தோலில் எண்ணெய் ஊற்றித் திரி போடுவது எங்கள் வழக்கம்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் வாட்சாப்பில் ஒரு செய்தி. கடல்நீர் அமிலமாகி வருகிறதாம். என்ன செய்யலாமென்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் குழு, ஜார்ஜ் டவுனில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறதாம்.

அமிலம் என்றால் புளிப்பு. வருஷா வருஷம் கடலில் புளிப்பைப் பிழிவது யார்? நாங்கள்தானே! பாதியில் பள்ளியை விட்டவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்துவிட்டது.

"எலுமிச்சைக்குத் தடை போடப் போறாங்க அண்ணி."

"கடல் என்ன, நீ வைக்கிற ரசமா? சும்மா இரு லா," என்றார் அண்ணி. ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு கூட வந்தார்.

கருத்துக் கேட்கும் மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். நேர்த்திக்கடன் நின்று, பையன் வேலை போய்விட்டால்? கேள்வி நேரம் வந்ததும் எழுந்துவிட்டேன். மேடையில் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி இருந்தது தெம்பாக இருந்தது.

"மேடம், விளக்கைத் தடுக்காதீங்க. வேணும்னா சாற்றை வீட்டுலயே பிழிஞ்சிட்டு வர்றோம்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களுக்கு மலாயில் சொன்னதும் மேடையே சிரிப்பில் குலுங்கியது.

"அக்கா, பினாங்கு எலுமிச்சை மொத்தத்தையும் பிழிஞ்சாலும் கடலுக்கு உறைக்காது. வண்டிப் புகை, பேக்டரிப் புகை காத்துல கலந்து கடல்ல கரையுது. அதுலதான் கடல் அமிலமா மாறுது. போகப்போக கெராங் மட்டி, சிப்பி ஓடெல்லாம் மெலிஞ்சு போகும். அந்தப் புகையைக் குறைக்கத்தான் யோசனை கேக்குறோம். நீங்க விளக்கை விடுங்க. அதை வைக்கிற பிளாஸ்டிக் தட்டு மட்டும் வேணாம்."

அப்பாடா! உட்கார மனமில்லை. என் வாய் தானாக ஓடியது: பேக்டரி பஸ்ஸை எங்கள் சந்துவரை விட்டால் பையன் மோட்டார் சைக்கிளே எடுக்க மாட்டான், கெராங்கும் பிழைக்கும், நானும் அவன் வீடு திரும்பும்வரை வாசலில் நிற்க வேண்டாம். குழுத் தலைவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எழுதுகிறாரே என்ற குஷியில் இன்னும் சொன்னேன். அண்ணி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வெளியே வந்ததும் நடைபாதையிலேயே சிரிப்பு பீறிட்டது. அண்ணிக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்: "இவ்வளவு தைரியம் குடுத்த சாமிக்கு இருநூறா விட்டா என்ன அண்ணி?"

"நறுக்குறது யாரு, உங்க அண்ணனா? பேசாம கார்ல ஏறு!"