வெட்டவெயிலில் அடித்த மணி

நேற்று மதியம் திருத்தங்கல் வீட்டு மாடியில் ரேடியோவைச் சிற்றலையில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் இரைச்சல் கிளம்பிப் பாட்டை முழுங்கிவிட்டது. செல்போனில் பார்த்தால், சூரியனில் பெரிய வெடிப்பாம். அப்படி நடந்தால் பகலாக இருக்கும் ஊர்களில் சிற்றலை கொஞ்ச நேரம் அடங்கிவிடும். எனக்கோ அந்த இரைச்சலில் பட்டாசுக் கம்பெனி வாசல் ஞாபகம் வந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மாவுக்கு அங்கே வெடிக்கு மருந்து செலுத்தும் வேலை. வாட்ச்மேன் சுப்பையா மாமா வாசலில் எப்போதும் சிற்றலையில் ரேடியோ போட்டிருப்பார். தூரத்தில் மின்னல் வெட்டினாலே அது கரகரக்கும். மின்னலில் மருந்து பற்றிக்கொள்ளுமே என்று உடனே மணியடிப்பார். எல்லோரும் மருந்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிடுவார்கள்.

ஒரு லீவு நாளில் நான் சாப்பாடு கொண்டுபோன நேரம், பாட்டு இப்படித்தான் இரைச்சலில் முங்கியது. மாமா மணியடித்தார். ஓடிவந்தவர்கள் அண்ணாந்து பார்த்தால், மேகமே இல்லை.

"என்ன மாமா, வெயிலு இடிக்கப் போகுதாக்கும்?" என்றாள் செல்வி அக்கா.

"சீசன் நேரத்துல ஆர்டர் கெடக்கு, வேடிக்கை காட்டுறீகளா?" என்று போர்மேன் கத்தினார்.

"ரேடியோ சரியாகட்டும், அப்புறம் போங்க" என்று மாமா வழியை மறித்து நின்றார்.

அம்மா மட்டும், "நீங்க அடிங்கண்ணே, நாங்க எம்புட்டு தடவைனாலும் வாரோம்" என்றாள். கேலிக்குக் கூசாத அந்த மனிதரால்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அம்மா முழுசாக வீடு வந்தாள்.

கீழே போய், அன்றைக்கும் சூரியன்தான் காரணமாக இருந்திருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லு. பாவம், அன்னைக்கு ஏமாத்திருச்சுன்னு இன்னமும் அந்த ரேடியோவைத்தான் வஞ்சுக்கிட்டுத் திரியுறாரு" என்றாள். வண்டிச் சாவியை எடுத்தேன்.