அட்டையில் இருந்த வாத்து

கோர்ட்டு அனுப்பின கமிஷனர் இருந்தார். என் வக்கீல் இருந்தார். என் தங்கச்சி புருஷன் இருந்தார். தங்கச்சி இருந்தாள். நான் இருந்தேன்.

கனகசெட்டிக்குளத்தில் தங்கச்சி வீடு. கூடத்தில் ஊதுவத்திப் பாக்கெட் அடுக்கியிருந்தது. எல்லாவற்றிலும் வாத்துப் படம்.

அந்த வாத்து என்னுடையது. நான் வேலை பார்த்த மில்லை மூடின பிறகு முதலியார்பேட்டையில் நானும் தங்கச்சியும் ஊதுவத்தி போட ஆரம்பித்தோம். அட்டைக்குப் படம் கேட்டபோது, யாரோ வேண்டாமென்று விட்டுப் போன வாத்தை அச்சகக்காரர் காட்டினார். சாமிக்கு ஏத்துறதுக்கு வாத்தா என்று சிரித்தார்கள். வாத்து விற்றது. அதை என் பேரில் பதிவு செய்தேன்.

போன வருசம் மாப்பிள்ளையும் வாத்துப் போட்டார். தலையை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தார். அவர் சரக்கு பாதியில் அணைந்தது. கடைக்காரர்கள் அதை என்னிடம் கொண்டுவந்து போட்டார்கள். நேரில் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. கேஸ் போட்டால் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று தெரியும். போட்டேன்.

"உங்க வாத்து கடலப் பாக்குது மச்சான். எங்க வாத்து ஊரப் பாக்குது. அது வேற, இது வேற," என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டும் ஒரே குட்டையிலதானய்யா நீந்துது," என்றார் வக்கீல்.

கமிஷனர் சிரிக்கவில்லை. பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுச் சரக்கில் முதல் பாக்கெட்டை விற்க மாட்டோம். பிரிக்கவும் மாட்டோம். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்போம். வாத்துப் போட்ட முதல் பாக்கெட்டைத் தங்கச்சி கல்யாணத்தில் அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் உருட்டின வத்தி.

நானூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணி முடிக்கிற நேரம் அவள் உள்ளே போய் அதை எடுத்து வந்தாள். வைத்த மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. குவியல் மேல் வைத்தாள்.

"இதையும் எடுத்துக்கச் சொல்லுங்க சார் அவர. இதுலயும் வாத்து இருக்கு."

என்னை அவர் என்றாள்.

"அது நான் போட்ட சரக்கு சார். எண்ணாதீங்க," என்றேன். "தலையப் பாருங்க, கடல் பக்கம் இருக்கு."

கமிஷனர் பார்த்தார். "தலை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே வாத்துதான்னு நீங்கதானே மனுவுல சொல்லியிருக்கீங்க. இந்த வீட்டுல இருக்கிற வாத்து எல்லாத்தையும் எடுக்கச் சொல்லித்தான் உத்தரவு."

வக்கீலைப் பார்த்தேன்.

"எண்ணுங்க," என்றேன்.

மூட்டை கட்டி அரக்கு வைத்தார்கள். தங்கச்சி உள்ளே போய்விட்டாள். மொத்தம் எத்தனை என்று மாப்பிள்ளை கேட்டார்.

நானூற்றுப் பதிமூன்று.